குதிகால் முள்ளும் ஒரு முழம் பிளாஸ்திரியும்

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி இறங்கின மாதிரி சுருக்குனு ஒரு வலி. பல்லைக் கடிச்சுக்கிட்டு, விரல் நுனியில் ஊன்றி, சுவரைப் பிடிச்சு நாலு எட்டு நடந்தா கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அப்புறம் உட்கார்ந்து எழுந்தா மறுபடியும் அதே கதை. உங்களுக்கோ உங்க வீட்டில் ஒருத்தருக்கோ இப்படி இருந்தா இந்த இழை உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். நிதானமா படிங்க.

கோயம்புத்தூர்ப் பக்கம் இந்த வலியோடு வருகிறவர்களில் நிறையப் பேர் கையில் எக்ஸ்-ரேயோடுதான் வருவாங்க. "எலும்பு முள்ளு மாதிரி வளந்துருக்குதாமுங்க டாக்டர், வெட்டி எடுக்கோணுமுங்களா?" இதுதான் முதல் கேள்வி. முள்ளை எடுத்தால் வலி போயிடும்ங்கிறது கேட்கிறதுக்கு நியாயமாத்தான் இருக்கு. இந்த நியாயத்துக்கு வயசு நூற்றி இருபதுக்கு மேல். டாக்டர்களே ஒரு காலத்தில் இதை நம்பி வெட்டினவங்கதான்.

1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்தார். அடுத்த ஐந்தே வருடத்தில், 1900-இல், பிளெட்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் குதிகால் எலும்பின் அடியில் முன்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கூர்ப்பைப் படத்தில் பார்த்து எழுதினார். குதிகால் முள் என்ற பெயர் அங்கிருந்து தொடங்குகிறது. யோசிச்சுப் பாருங்க, அதுவரைக்கும் உயிரோடு இருக்கிற மனுசனோட எலும்பை யாரும் வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. கையில் புதுசா ஒரு டார்ச் லைட் கிடைச்சா, வெளிச்சத்தில் முதலில் தட்டுப்படுகிறவனைத்தானே திருடன்னு பிடிப்போம்?

பிடித்தார்கள். 1906-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் பேர் என்ற எலும்பு மருத்துவர், இந்த முள்ளுக்குக் காரணம் கொனோரியா என்று எழுதினார். ஆமாங்க, மேகவெட்டை. முள்ளை வெட்டி எடுத்து, அதில் கிருமி இருந்ததாகவும் சொன்னார். அந்தக் காலத்தில் குதிகால் வலின்னு டாக்டர்கிட்ட போன ஒரு குடும்பஸ்தன் எப்படிப்பட்ட பார்வையோடு திரும்பி வந்திருப்பான்னு நினைச்சா பாவமா இருக்கு. (இதே பேர்தான் பின்னாளில், ஆறாத புண்ணை ஈயின் புழுக்களை விட்டுச் சுத்தம் செய்யும் சிகிச்சையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர். ஆள் லேசுப்பட்டவர் இல்லை.)

அவரை முழுசா முட்டாள்னு தள்ளிடவும் முடியாது. சில பால்வினைத் தொற்றுகளுக்குப் பிறகு உடம்பின் எதிர்ப்பு சக்தி மூட்டுகளையும், தசைநார் எலும்பில் ஒட்டும் இடங்களையும் தாக்குவது உண்டு. அதில் குதிகாலும் ஒன்று. ஆனால் குதிகால் வலியோடு வருகிற கூட்டத்தில் இவர்கள் சிறுபான்மை. விதிவிலக்கை விதியாக்கினதுதான் அன்றைக்கு நடந்த தவறு.

இப்ப நமக்குத் தெரிந்தது என்ன? வலியே இல்லாத ஏராளமானவர்களுக்கும் எக்ஸ்-ரேயில் அந்த முள் இருக்கும். முள் இல்லாத பலருக்கு வலி உயிர் போகும். எனவே முள்ளை வைத்து வலியைக் கணிக்க முடியாது. வலிக்கிறது எலும்பு இல்லை. குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் வேர் வரைக்கும் உள்ளங்காலில் விரிந்திருக்கும் தடித்த நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. பிளான்டார் ஃபேஸியா என்று பெயர். நாம உள்ளங்கால் பட்டைன்னு வெச்சுக்கலாம். அது எலும்பில் ஒட்டுகிற இடத்தில்தான் பிரச்சினை.

டாக்டர்கள் கிருமியையும் முள்ளையும் துரத்திக்கொண்டிருந்த காலத்தில், ஆங்கிலத்தில் சாதாரண ஜனங்கள் இந்த வலிக்கு வைத்திருந்த பெயர் "போலீஸ்காரர் குதிகால்". ரோந்து சுற்றிச் சுற்றிக் கால் தேய்ந்த கான்ஸ்டபிளைப் பார்த்து வைத்த பெயர். எனக்கு என்னமோ அந்தப் பெயரை வைத்தவன்தான் நல்ல டாக்டர்னு தோணும். வலி யாருக்கு வருதுன்னு பார்த்தான் பாருங்க.

அதே கண்ணோடு நம்ம ஊரைப் பார்க்கலாம்.

1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையின் முதல் நூற்பாலையான கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்லைத் தொடங்கினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்லுகள் வரிசையாக எழுந்தன. தென்னிந்தியாவின் மான்செஸ்டர்னு பெருமையாச் சொல்றோமே, அந்தப் பெருமை முழுக்க நின்ற கால்களின் மேல் நின்ற பெருமை. 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பஞ்சாலையில் ஆண்களுக்கு வைத்த உச்சவரம்பே ஒரு நாளைக்கு 12 மணி நேரம். 1922-இல் வாரத்துக்கு 60 மணி, 1934-இல் 54, 1948-இல் 48 எனக் குறைந்தது. இதைத் தொழிலாளர் வரலாறுன்னு படிப்போம். நான் இதைக் குதிகால் வரலாறாகவும் படிக்கிறேன். ஒவ்வொரு தடவை மணி குறைந்தபோதும், ஒரு காலில் விழுந்த சுமை அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது.

மில்லுக்குள் போகாதவங்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. 1,200 கதிர் உள்ள ஒரு ரிங் ஃப்ரேமை எடுத்துக்குங்க. ஒரு பக்கம் 600 கதிர். ஒரு கதிருக்கும் அடுத்த கதிருக்கும் 70 மில்லிமீட்டர்னா, ஒரு பக்கத்து நீளமே 42 மீட்டர். ஒரு முறை சுற்றி வந்தால் 84 மீட்டருக்கு மேல். அறுந்த நூலைத் தேடித் தேடி ஒட்டுகிற சைடர், ஒரு ஷிப்டில் நூறு சுற்று வந்தார்னு வெச்சாலே எட்டு கிலோமீட்டரைத் தாண்டிடும். அதுவும் மண் தரை இல்லை, கெட்டியான சிமெண்டுத் தரை. காலில் தேய்ந்த ரப்பர்ச் செருப்பு, சில நேரம் அதுவும் கிடையாது. இன்றைக்கு இந்த வேலையில் இருக்கிறவர்களில் பெண்கள் ஏராளம். ஷிப்டு முடிஞ்சு வீட்டுக்குப் போனா அங்கே அடுப்படியில் அடுத்த ஷிப்டு.

2003-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. குதிகால் வலி உள்ள 50 பேரையும் வலி இல்லாத 100 பேரையும் ஒப்பிட்டார்கள். கணுக்கால் மேல்நோக்கி மடங்காமல் இறுகிப் போயிருப்பது, உடல் பருமன், வேலை நேரத்தின் பெரும்பகுதியைக் காலில் நின்றே கழிப்பது ஆகிய மூன்றும் தனித்தனிக் காரணிகளாக வந்தன. மூன்றிலும் பலமானது கணுக்கால் இறுக்கம்தான். நிற்பதன் பங்கு 3.6 மடங்கு. போலீஸ்காரர் குதிகால்னு பேர் வெச்சவன் எப்பவோ சொன்னதுதான்.

சரி, பிளாஸ்திரிக்கு வருவோம்.

ஒட்டும் பிளாஸ்திரிக்கு 1882-இல் ஹாம்பர்கில் பால் பையர்ஸ்டார்ஃப் காப்புரிமை வாங்கினார். தோலை அதிகம் உறுத்தாத துத்தநாக ஆக்சைடு கலந்த பிளாஸ்திரி அடுத்த இருபது வருடத்துக்குள் பரவலாகிவிட்டது. லூகோபிளாஸ்ட் 1901-இல் வந்தது. அடிப்படையில் அது என்ன? பருத்தித் துணி, அதன் மேல் ரப்பர்ப் பசை, அதில் துத்தநாகத் தூள். அவ்வளவுதான். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டின்னு ஒரு ஊர், பேண்டேஜ் துணிக்கே பேர் போனது. கோவையில் 1956 முதல் இயங்கும் சிட்ரா ஆராய்ச்சி நிலையம் மருத்துவத் துணிகளுக்கென்றே ஒரு மையம் நடத்துகிறது. குதிகாலைப் பழுதாக்குகிற நூல்தான் அதைக் கட்டவும் உதவுதுன்னு சொன்னா ரொம்ப அலங்காரமா இருக்கும், ஆனா நிஜம் அதுதாங்க.

1895-இல் நியூயார்க்கின் வெர்ஜில் கிப்னி சுளுக்கிய கணுக்காலைப் பிளாஸ்திரிப் பட்டைகளால் பின்னிக் கட்டும் முறையை எழுதினார். வேலை நாள் வீணாகாது, ஊன்றுகோல் வேண்டாம் என்பதைக் கட்டுரைத் தலைப்பிலேயே போட்டார். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சுளுக்குக்கு ஓய்வுதான் வைத்தியம்னு யாரும் சொல்லிடலாம். லீவு போட்டா சம்பளம் போயிடும்கிறவனுக்கு என்ன வைத்தியம்? கிப்னி யோசித்தது அந்த ஆளுக்காக.

1939-இல் ரால்ஃப் டை என்ற அமெரிக்கப் பாத மருத்துவர், பாதத்தின் வளைவைத் தாங்குவதற்கு ஒரு கட்டுமுறையை எழுதினார். கணுக்காலுக்கு மேலே ஏறாத கட்டு என்பதால் அதற்கு லோ-டை என்று பேர் நின்றுவிட்டது. பிசியோதெரபிஸ்ட்கள் இன்றைக்கும் குதிகால் வலிக்குப் போடுவது பெரும்பாலும் இதையோ இதன் உறவுமுறை ஒன்றையோதான்.

அது ஏன் வேலை செய்யுதுன்னு புரிய 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காம் விபத்து மருத்துவமனையைச் சேர்ந்த ஹிக்ஸ், உள்ளங்கால் பட்டை எப்படி இயங்குதுன்னு காட்டினார். நம்ம ஊர் ஆட்களுக்கு இதைச் சொல்றது சுலபம். கவலை இறைச்சதைப் பார்த்திருக்கீங்களா? இல்லைன்னா உங்க அப்பாரையோ அப்பத்தாவையோ கேளுங்க. மாடு முன்னாடி போகும், வடம் உருளை மேல் சுற்றி இழுபடும், சால் கிணற்றிலிருந்து மேலே வரும். உங்க பாதத்தில் பெருவிரலின் வேர்தான் உருளை. உள்ளங்கால் பட்டைதான் வடம். நடக்கும்போது குதிகால் தூக்கி விரல் மடங்குகிறதே, அந்தக் கணத்தில் வடம் உருளையில் சுற்றி இழுபட்டுப் பாதத்தின் வளைவு மேலே எழும்புகிறது. பாதம் ஒரு கெட்டியான நெம்புகோலாக மாறி உங்களை முன்னால் தள்ளுகிறது. இப்பவே செய்து பாருங்க. உட்கார்ந்தபடி பெருவிரலைக் கையால் மேலே மடக்குங்க, உள்ளங்காலில் ஒரு நாண் விறைப்பா எழும்பும். அதுதான்.

ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை இழுபடுகிற வடம் எங்கே நையும்? கட்டியிருக்கிற முனையில்தான். குதிகாலின் உள்பக்கம் அடியில், விரலால் அழுத்தினால் துள்ளிக் குதிப்பீங்களே, அதே இடம். ராத்திரி தூக்கத்தில் பாதம் கீழ்நோக்கித் தொங்கும்போது பட்டை தளர்ந்து சுருங்கியிருக்கும். காலையில் முதல் அடியில் மொத்த எடையும் அதை ஒரே இழுப்பாக இழுக்கும். முதல் அடி அப்படி வலிக்கிறதன் ரகசியம் இதுதான்.

பிளாஸ்திரி செய்வது, நைந்த வடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கயிறு கட்டுவது மாதிரி. பாதம் அமுங்கி விரிகிறதைக் கொஞ்சம் தடுத்து, இழுவிசையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மருந்து எதுவும் அதில் இல்லை.

இந்த இடத்தில் இன்னொரு பழைய நம்பிக்கையும் உடைந்தது. இந்த நோய்க்கு நாம் வைத்திருக்கும் பெயரே பிளான்டார் ஃபேஸியைடிஸ். "ஐடிஸ்" என்றால் அழற்சி. அழற்சின்னா மருந்து சுலபம், ஸ்டீராய்டு ஊசி. ஆனால் 2003-இல் அமெரிக்காவின் ஹார்வி லெமாண்டும் சகாக்களும் அறுவை சிகிச்சையில் எடுத்த 50 மாதிரிகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அழற்சி தெரியவில்லை. தெரிந்தது நார்களின் சிதைவு, தேய்மானம். நைந்த கயிறு! ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும், மறுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டால் பட்டையே அறுந்துபோகும் அபாயமும் உண்டு. வலி தெரியாமல் மறுநாள் அதே சிமெண்டுத் தரையில் போய் நிற்கிறவருக்கு இது நல்ல பேரம்னு எனக்குத் தோணலை.

பிளாஸ்திரி நிஜமாவே உதவுதா, இல்லை மனசுக்கு ஒட்டுற பிளாஸ்திரியா? 2006-இல் ஆஸ்திரேலியாவில் ராட்ஃபோர்டும் குழுவினரும் 92 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கும் போலி அல்ட்ராசவுண்ட் சிகிச்சை. ஒரு குழுவுக்கு மட்டும் கூடவே லோ-டை கட்டு. ஒரு வாரம் கழித்து, 100 மில்லிமீட்டர் வலி அளவுகோலில் காலையின் முதல் அடி வலி, கட்டுப் போட்டவர்களுக்கு மற்றவர்களைவிட 12.3 மில்லிமீட்டர் கூடுதலாகக் குறைந்திருந்தது. மற்ற அளவீடுகளில் பெரிய வித்தியாசம் இல்லை. சிலருக்குத் தோல் உறுத்தல் மாதிரியான சின்னத் தொந்தரவுகள் இருந்தன. முடிவு அவ்வளவுதாங்க. அற்புதம் இல்லை, ஏமாற்றும் இல்லை. ஒரு வாரத்துக்கு முதல் அடியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வைக்கும். கலர் கலரா ஒட்டுற கினிசியோ டேப், 1970-களில் ஜப்பானின் கென்சோ கசே கொண்டுவந்தது. அதன் ஆதாரம் இதைவிட மெலிசு. விலைதான் கூட.

அந்த ஒரு வாரம் முடிஞ்சு? இங்கேதான் டாக்டரின் அறைக்கு வெளியே போகணும். ஒப்பணக்காரத் தெருவிலோ கிராஸ்கட் ரோட்டிலோ ஜவுளிக்கடைக்குப் போயிருப்பீங்க. தீபாவளிக் கூட்டத்தில் காலை முதல் ராத்திரி வரை நின்றபடியே சேலை விரித்துப் போட்ட பெண்களின் முகத்தைப் பார்த்திருப்பீங்க, காலைப் பார்த்திருக்க மாட்டீங்க. நின்றே வேலை செய்கிறவர்கள் இடையில் கிடைக்கிற நேரத்தில் உட்கார இருக்கை தரணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவிலேயே இருந்தது. ஆனால் கடை தொழிற்சாலை இல்லையே! கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் பல வருடம் போராடின பிறகு, 2018-இல் கேரளம் கடைகளுக்கான சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் திருத்தியது. இப்போது கடை, நிறுவனங்களில் ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி கட்டாயம். குதிகால் வலிக்கு நான் எழுதித் தருகிற சீட்டைவிட இந்த ஒரு திருத்தம் பெருசு. கடை வைத்திருக்கிறவங்க இதைப் படிச்சா, ஸ்டூல் வாங்கிப் போட்டால் மட்டும் போதாது. உட்கார்ந்தவரை முறைக்காம இருக்கணும்.

இனி நீங்க செய்ய வேண்டியது. மருந்துக்கடையில் ஒன்றரை இஞ்ச் அகல ஜிங்க் ஆக்சைடு டேப் கேளுங்க, இழுத்தால் நீளாத ரகம். முதல் தடவை பிசியோதெரபிஸ்டிடம் போட்டுக்கொண்டு, கூட வந்தவரைப் பார்த்துக் கத்துக்கச் சொல்வது நல்லது. பாதத்தைக் கழுவி ஈரமில்லாமல் துடைக்கணும், எண்ணெய் தடவியிருக்கக் கூடாது. சுண்டுவிரல் வேரின் வெளிப்பக்க ஓரத்தில் தொடங்கி, பாதத்தின் ஓரமாகவே போய், குதிகாலைப் பின்பக்கமாகச் சுற்றி, உள்பக்கமாகப் பெருவிரல் வேர் வரை ஒரு பட்டை. ஒட்டி முடிக்கும்போது பெருவிரலின் வேரை லேசாகக் கீழே அழுத்திப் பிடிக்கணும். அதன் மேலேயே பாதி ஏறுகிற மாதிரி இன்னொன்று. பிறகு உள்ளங்காலுக்குக் குறுக்கே, வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக மேலே இழுத்து மூன்று நான்கு பட்டைகள். கடைசியில் முனைகள் கிளம்பாமல் ஓரத்தில் மறுபடி ஒன்று. பாதத்தின் மேல்பக்கத்தை மூடிச் சுற்றவே கூடாது, ரத்த ஓட்டம் தடைபடும். எழுந்து நில்லுங்க. விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே பிரிச்சிடுங்க. இரண்டு மூன்று நாள் இருக்கலாம். அரிப்பெடுத்தா அன்னைக்கே கழட்டிடுங்க, பிளாஸ்திரி சிலருக்கு ஒத்துக்காது.

கட்டு வலியைத் தாங்க வைக்கும்போதே பட்டையைப் பழக்கணும். படுக்கையை விட்டு இறங்கும் முன், வலிக்கிற காலை மற்ற தொடை மேல் போட்டு, விரல்களைக் கையால் மேல்நோக்கி இழுத்துப் பத்து எண்ணும் வரை பிடிங்க. பத்துத் தடவை. ஒரு நாளைக்கு மூணு வேளை. 2003-இல் 101 பேரிடம் நடந்த ஆய்வில் வழக்கமான குதிகால் நரம்பு நீட்டலைவிட இது நன்றாக வேலை செய்தது. கொஞ்சம் தேறினதும், விரலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, படியில் நின்று குதிகாலை மெதுவாகத் தூக்கி இறக்குங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள். டென்மார்க்கின் ராத்லெஃப் குழு 48 பேரிடம் பார்த்தபோது மூன்று மாதத்தில் இதன் பலன் தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் கத்தியே இல்லாமல் சரியாகிவிடும். பொறுமைதான் இதில் கசப்பு மருந்து.

தைப்பூசத்துக்குப் பொள்ளாச்சி, உடுமலை வழியா பழனிக்கு நடக்கிறவங்க கேட்பாங்க, "கெளம்பறப்பவே ஒட்டிக்கிட்டுப் போனா வலி வராதுங்களா?" ஏற்கனவே வலி வந்து போனவங்க ஒட்டிக்கலாம். ஆனால் வெறுங்காலோடு தார் ரோட்டில் வேர்வையும் புழுதியும் சேர்ந்தால் பட்டை சுருண்டு கொப்புளம் போடும், வழியில் மாத்த வேண்டியிருக்கும். அதைவிட, நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கப் போகிற கால், இரண்டு மாதம் முன்பிருந்தே சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகியிருக்கணும்.

செங்கல்லைச் சூடு பண்ணி, எருக்கிலை வைத்து மிதிக்கிறது நம்ம வீடுகளில் உண்டு. அந்தச் சூடு இதமாத்தான் இருக்கும், நான் தடுக்க மாட்டேன். சர்க்கரை நோய் உள்ளவங்க மட்டும் அந்தப் பக்கமே போகாதீங்க. கால் மரத்திருந்தால் தோல் வெந்தது தெரியாது, மறுநாள் புண்ணோடுதான் தெரியும். உணர்ச்சி குறைந்த காலுக்கும், புண்ணோ ரத்த ஓட்டக் குறைவோ உள்ள காலுக்கும் பிளாஸ்திரியும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி, வீக்கம், காய்ச்சல், பாதத்தில் எரிச்சல் அல்லது மரப்பு, குதிகாலை இரண்டு பக்கமும் அமுக்கினால் கடும் வலி, இதெல்லாம் இருந்தால் ஒட்டிப் பார்க்கலாம்னு நாள் கடத்தாதீங்க. இளவயசுக்காரங்களுக்கு இரண்டு குதிகாலும் வலித்து, கூடவே காலையில் இடுப்பு இறுகி, கண்ணும் அடிக்கடி சிவந்தால் வாத நோய் மருத்துவரைப் பாருங்க. 1906-இல் பேர் தேடினது ஒருவேளை உங்களிடம் பாதி உண்மையா இருக்கலாம்.

கட்டைக் கழட்டும்போது விசுக்குனு பிய்க்காதீங்க. தேங்காய் எண்ணெயை ஓரத்தில் ஊறவிட்டு, தோலை ஒரு கையால் பிடிச்சுக்கிட்டு மெதுவா உரிங்க. ஒரு நாள் தோலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி ஒட்டலாம்.